வீட்டு வடிவில் ஒரு பெட்டி

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் என் கணினிக்கு நான்கு நிமிடக் காணொளி ஒன்று வந்தது. சிவகாசிப் பக்கம் அட்டைப்பெட்டி அச்சிடும் ஓர் ஆலையில் வேலை தொடங்கும் காட்சி. நீல மேலங்கியும் தலையுறையும் அணிந்த பெண்கள் வரிசையாக வந்து, பெட்டி ஒட்டும் கூடத்துக்குள் நுழைகிறார்கள். மேசைகள் துடைக்கப்பட்டிருக்கின்றன. விசிறிகள் ஓடுகின்றன. குடிதண்ணீர் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில். வந்து பதினோரு ஆண்டுகள் முடிந்ததும் அதே வாரத்தில்தான். பர்கர் விற்கும் பெரிய கடைகளுக்குப் பெட்டியும் காகிதப் பையும் செய்து அனுப்பும் ஆலைகளை, நேரில் போய்ப் பார்த்துத் தணிக்கையாளர்கள் அறிக்கை எழுதுவார்கள். ஆலை சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா, தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறதா என்பது அதில் இருக்கும். அந்த அறிக்கைகளைப் படித்து, இடறும் இடங்களைக் குறித்துக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஊரில் இருந்தபோது நான் விருதுநகரில் ஒரு நாளிதழின் நிருபர். அங்கே செய்த வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இங்கே நான் எழுதுவதை மூன்று பேர் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் பெண் கூடத்தின் வாசலுக்கு வந்ததும், உள்ளே கால் வைப்பதற்கு முன் இடதுபக்கச் சுவரில் வலது உள்ளங்கையை ஒரு நொடி பதித்தாள். பிறகு உள்ளே போனாள். இரண்டாவது பெண்ணும் அப்படியே செய்தாள். மூன்றாமவளும். சுவரில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. ஏழாவதாக வந்த ஒருத்தி கையை வைத்துவிட்டு, எதிலே வைத்தோம் என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

என் மேலதிகாரி ஹெலன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சுத்தமான இடம்" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

2

பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து கையாளும் மருந்து அறையின் வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பிலும் உடையிலும் தேங்கியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்காக, தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் ஒரு சின்னப் பொறி போதும். பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு அது யோசித்துச் செய்யும் காரியம் இல்லை. வேலைக்குப் போகும் வாசல் என்றால் கை தானாக உயரும். ரேஷன் கடைக்கோ கோவிலுக்கோ போகும்போது உயராது.

ஆகவே அந்தக் காணொளியில் இருந்தவர்கள் அட்டைப்பெட்டி ஒட்டுபவர்கள் அல்ல. பட்டாசு வேலைக்காரர்கள். தணிக்கை நாளுக்காகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள். அப்படியென்றால் உண்மையில் பெட்டி ஒட்டுபவர்கள் எங்கே?

எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் மதினி.

நாங்கள் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டிக்காரர்கள். என் அப்பா அம்மா காலத்தில் கூலிக்குக் களையெடுத்த குடும்பம். மழை பொய்த்த பிறகு எல்லோரும் பட்டாசுக்குப் போனார்கள். நான் ஒருத்தி படித்துப் பத்திரிகைக்குப் போனேன். சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே குறிப்பெடுத்திருக்கிறேன். வெடிவிபத்து என்றால், பெயர், வயது, ஊர், எத்தனை சதவீதத் தீக்காயம் என்று வரிசை மாறாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். அதிகாரிகள் சோதனைக்கு வருகிற நாளில், சட்டம் அனுமதிக்கும் அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருப்பவர்கள் தூக்குச்சட்டியோடு பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்திருப்பதையும் ஒருமுறை எழுதினேன். அந்தச் செய்தி வரவில்லை. அன்று விளம்பரம் அதிகம் என்றார்கள்.

என் அண்ணன் மனைவி முத்துமாரி, மருந்து அறையில் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்காக ஒருநாள் லீவு போட்டார். அன்று பதினோரு மணிக்கு அவர் அறை வெடித்தது. அவர் இடத்தில் அன்று உட்கார்ந்தவள் விஸ்வநத்தத்திலிருந்து வந்த, வேலைக்குப் புதிதான ஒரு பெண். அதற்குப் பிறகு மதினி பட்டாசு பக்கம் போகவில்லை. வீட்டிலேயே பெட்டி ஒட்டுகிறார். காலையில் ஏஜெண்டு மினி வேனில் வெட்டிய அட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார். சாயங்காலம் ஒட்டிய பெட்டிகளை எடுத்துப் போவார். எந்தக் கம்பெனி, எந்த ஊருக்குப் போகிறது என்று அவருக்கும் தெரியாது. ஏஜெண்டு சொல்வதில்லை.

3

காணொளியோடு வந்த கோப்பில் பெட்டியின் படமும் இருந்தது. குழந்தைகளுக்கான சாப்பாட்டுப் பெட்டி. ஓட்டு வீடு போன்ற வடிவம். கூரையின் உச்சியில் தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. அந்தக் கூரை மடிப்பை இயந்திரத்தால் ஒட்ட முடியாது, கையால்தான் ஒட்ட வேண்டும். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை இலை. அடியில் ஆங்கிலத்தில், "நான் மண்ணிலிருந்து வந்தேன், மண்ணுக்கே போவேன்."

அந்தப் பெட்டி என் வீட்டுக்கும் வந்திருக்கிறது. என் மகள் இனியா கொண்டுவந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. பர்கர் கடைகள் பிளாஸ்டிக்கை விட வேண்டும் என்று அவள் பள்ளியில் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். கடையிலிருந்து பதில் வந்தது. அடுத்த ஆண்டு எல்லாம் காகிதமாக மாறியது. மாற்றியது தான்தான் என்று அவள் நினைக்கிறாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அந்தப் பெட்டியை இறைச்சி வாடை போகத் துடைத்து, வரவேற்பறையில் இருக்கும் தன் மேசையில் பேனா போட வைத்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தபோது அது பின்னால் தெரிந்தது.

"ஏத்தா ராணி, அது எங்க பெட்டில்ல!" என்று மதினி கத்தினார். "அந்தக் கூரையப் பாரு, இடதுபக்கம் லேசா சாஞ்சிருக்கு. அது நம்ம தெருவு ஒட்டுதான். கீழத்தெருக்காரிக ஒட்டுனா நேரா இருக்கும்."

இனியாவிடம் சொன்னேன். அவள் திரைக்கு அருகே வந்து, "அத்தை, நீங்க நல்லா இருக்கு" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் என்னிடம், "அத்தையிடம் நன்றி சொல்லுங்கள், பூமிக்கு நல்லது செய்கிறார்" என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். மதினி சிரித்துக்கொண்டே கேட்டார். "பூமிக்கா? இந்த எலைக்குக் கீள என்னமோ எளுதியிருக்கே, என்னது?"

சொன்னேன்.

"மண்ணுக்குப் போகுமாக்கும்? ஒடஞ்ச பெட்டி நாலஞ்ச குப்பக்குளியில போட்டேன் தாயி. ஐப்பசி மளைய பூராம் வாங்கிட்டு அப்படியே கெடக்கு. உள்ளுக்க வளவளன்னு ஒரு பூச்சு இருக்குல்ல, அத கரையான்கூடத் தொடமாட்டேங்குது."

இதை நான் இனியாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. "அத்தைக்குச் சந்தோஷம்" என்றேன். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். எங்கள் வீட்டில் பெரும்பாலான உரையாடல்கள் இப்படித்தான் முடிகின்றன. என் கணவருக்கு வேலை ஸ்காட்லாந்தில், வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறார். மற்ற நாட்களில் வீட்டில் தமிழில் பேசுவது என் தொலைபேசி மட்டும்.

ஆக, அந்தப் பெட்டியை யார் ஒட்டுகிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். எந்த ஆலை வழியாக வருகிறது என்பதுதான் தெரியாது. செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

4

மறுநாள் மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து மதினியை அழைத்தேன். அங்கே சாயங்காலம். பெட்டிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீகளா மதினி?"

"இந்நேரத்துல என்ன சாப்பாடு. என்ன திடுதிப்புனு? ஞாயித்துக்கெளமதான கூப்பிடுவ?"

"சும்மாதான். ஒங்க ஏரியாவுல பட்டாசுக்காரப் பொம்பளைகள எங்கயாச்சும் பெட்டிக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனாகளா?"

மதினி விழுந்து விழுந்து சிரித்தார். "அதக் கேக்குறியா! வெள்ளக்காரக் கம்பெனிக்குக் கணக்குக் காட்டணும்னு, நாப்பது பேர பஸ்ஸுல அள்ளிட்டுப் போனாக. பட்டாசுக் கம்பெனியும் பெட்டிக் கம்பெனியும் ஒரே மொதலாளி வீடுதான. நீலச் சட்டையெல்லாம் குடுத்து, பிரியாணி வாங்கிப் போட்டு! நம்ம பேச்சியம்மா போயிட்டு வந்து ஒரே பீத்தல். அவளுக்கு ஒரு பெட்டி ஒட்டத் தெரியாது. கைப்பிடியத் தலகீளா ஒட்டியிருக்கா. சூப்பர்வைசர் தலையில அடிச்சுக்கிட்டாராம்."

"ஒட்டுற ஒங்களையே கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"எங்களுக்கு ஏது பி.எஃப். நம்பரு, ஏது கார்டு? அவளுகளுக்குத்தான் இருக்கு. பேப்பருக்கும் மூஞ்சிக்கும் பொருந்தணும்ல. நாங்க எங்கன இருக்கோம், எந்தப் பேப்பருல இருக்கோம்?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ எதுக்குக் கேக்க?"

என் வேலை என்ன என்று மதினிக்கு மேலோட்டமாகத் தெரியும். பதிலுக்கு, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"ராணி, இத எளுதிப்புடாத தாயி. சீசன் நேரம். மருந்து ரூமுக்கு ஆளு பத்தலன்னு போர்மேன் வாரத்துக்கு ரெண்டு தடவ வீட்டுக்கு வந்து நிக்கான். இந்தப் பெட்டி இருக்கப்போயித்தான் ஒங்க அண்ணன்கிட்ட, 'அங்கன போக மாட்டேன்'னு தெம்பாச் சொல்லுதேன். இதுவும் நின்னுச்சுன்னா எனக்குச் சொல்ல வார்த்த இல்ல பாத்துக்க."

5

தணிக்கை அறிக்கையை மறுபடி முழுதாகப் படித்தேன். காகிதத்தைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொரு அட்டைக் கட்டுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் கூழ் எந்த ஆலையில் அரைக்கப்பட்டது, மரம் எந்த நாட்டில் எந்தக் காட்டில் நின்றது என்பது வரை போகலாம். மையில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்று. கழிவுநீருக்குத் தனிச் சான்று. உட்பூச்சு மக்கும் என்பதற்கும் ஒன்று; அது சூடேற்றிய உரத்தொட்டியில் வைத்துச் சோதித்தது, மதினியின் குப்பைக்குழியில் அல்ல. ஒட்டிய கைகளைப் பற்றி அரைப் பக்கம். "நாற்பது நிரந்தரப் பெண் தொழிலாளர்கள். மகிழ்ச்சியாக இருப்பதாகத் தெரிவித்தனர்."

நான் நிரப்ப வேண்டிய படிவம் தனி. முதல் கேள்வி, இந்த ஆலையோடு எனக்கு உறவு உண்டா என்பது. உரிமையாளர், பங்குதாரர், பணியாளர் என்று மூன்று கட்டங்கள். மதினி மூன்றிலும் இல்லை. "இல்லை" என்று எழுதினால் அது பொய் ஆகாது. அந்தக் கேள்விக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஹெலனிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் முழுவதும் கேட்டாள். கெட்டவள் அல்ல. "உன் உறவினர் பணியாளர் இல்லை என்றால் படிவப்படி சிக்கல் இல்லை. கோப்பை வேறு ஒருவருக்கு மாற்றவா?"

"மாற்றினால் அவருக்குச் சுவர் தெரியாது."

"அப்படியென்றால் நீயே எழுது. ஆனால் யாரோ தொலைபேசியில் சொன்னார் என்று எழுதாதே. பார்த்ததை மட்டும் எழுது."

எழுதாமல் விடுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அது வலுவான காரணம். எழுதுவதற்கும் காரணங்கள் இருந்தன. மதினியின் தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் இருட்டும் வரை ஒட்டுகிறார்கள். நான் காணொளியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், "படிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கிறேன். பர்கர் கடைகள் பதினைந்து நாள் வேலையை ஐந்து நாளில் கேட்பதும், வேலை வீடுகளுக்குப் போவதற்கு ஒரு காரணம். அந்த அவசரம் சிவகாசியில் பிறப்பதில்லை. இங்கே, பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகள் சாப்பாட்டோடு புதுப் பொம்மை கொடுக்கும் அந்தக் கடைகளின் நாட்காட்டியில் பிறக்கிறது. இதையெல்லாம் எழுதக்கூடிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஊரில் என் செய்தி வராமல் போனது ஆசிரியரின் தவறு. இங்கே வராமல் போனால் அது என்னுடையது.

சுவரில் கை வைப்பது என்னவென்று எழுதினேன். கூடத்தில் இருப்பவர்கள் வேறு தொழிலின் ஆட்கள், ஒட்டும் வேலை வெளியே வீடுகளில் நடக்கிறது என்று எழுதினேன். கடைசிப் பத்தியில் இப்படி முடித்தேன்: ஆர்டரை நிறுத்தினால் பாதிக்கப்படுவது ஏமாற்றியவர்கள் அல்ல. வீட்டில் ஒட்டும் பெண்களைப் பெயர் எழுதிப் பதிவு செய்து, அதே கூடத்துக்கு அதே அட்டையோடு கொண்டுவர ஓராண்டு அவகாசம் கொடுங்கள். ஆர்டருக்கான நாட்களைக் கூட்டுங்கள்.

"நன்றாக எழுதியிருக்கிறாய்" என்றாள் ஹெலன். அதைப் பர்கர் கடைக்கு அனுப்பினாள்.

பத்து நாளில் பர்கர் கடையிடமிருந்து முடிவு வந்தது. தங்கள் விழுமியங்களைக் காக்கும் பொருட்டு அந்த ஆலையிலிருந்து உடனடியாக விலகுவதாக இரண்டு வரி. என் கடைசிப் பத்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்திரிகையில் இடம் போதாதபோது வெட்டுவது எப்போதும் கடைசிப் பத்தியைத்தான். அது தெரிந்தவள்தான் நான். அதை முதலில் வைத்திருக்க வேண்டும்.

மனித உரிமையில் சமரசம் இல்லை என்று அவர்கள் இணையதளத்தில் ஒரு செய்தி போட்டார்கள். இனியா அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் காட்டினாள். "அம்மா, பாருங்கள், இவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள்." நான் ஆமாம் என்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் மருந்து அறை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு என்னிடம் போதிய ஆங்கிலம் இருக்கிறது. அவளிடம் போதிய நேரம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினியே அழைத்தார். குரல் மட்டும், படம் இல்லை. எங்கோ வெளியே நின்று பேசினார், காற்று இரைந்தது.

"வேன் வந்து ஒரு வாரமாச்சு" என்றார். "ஏஜெண்டு, 'ஆர்டர் போச்சு, யாரோ வெளிநாட்டுக்குப் போட்டுக் குடுத்துட்டாக'ங்கான். தெருவே கெடந்து வையுது. அந்தப் பேச்சியம்மாவத்தான் சந்தேகப்படுறாளுக, பிரியாணி தின்னுட்டு ஒளறிட்டான்னு."

"மதினி…"

"இரு, நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன். என்கிட்டயும் கேட்டாளுக. 'ஒன் நாத்தனா அங்கனதான இருக்கா, அவளுக்குத் தெரியுமா?'ன்னு. அவ அங்க பள்ளிக்கூடத்துல வேல பாக்கா, இதெல்லாம் அவளுக்குத் தெரியாதுன்னுட்டேன்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"புள்ளைக சாயங்காலம் சும்மாத் திரியுதுக. அது ஒண்ணு நல்லதுதான்னு வையி. நாங்க ஒட்டுனதுல தப்பு இருக்கு, எனக்குந் தெரியும். ஆனா ஒங்க ஊருக்காரன் தப்ப நிறுத்தலத்தா, எங்களத்தான் நிறுத்திப்புட்டான்."

"நான் அப்படி எழுதல மதினி. ஒங்கள எடுத்துக்கிடணும்னுதான் எழுதினேன்."

"எளுதியிருப்ப. நீ அப்படித்தான் எளுதுவ." "திங்கக்கெளமயிலருந்து போறேன். அதே கம்பெனிதான். மருந்து ரூமுதான். வேற ரூமுல எடமில்லையாம்."

"வேண்டாம் மதினி. நான் மாசம் அனுப்புறேன். அண்ணன்கிட்ட நான் பேசுறேன்."

"எத்தன மாசம்? நான் கையக் கட்டிட்டு ஒக்காந்து திங்கவா? அதெல்லாம் நமக்கு ஆகாது. நீ ஒன் வேலையப் பாத்த. நான் என் வேலையப் பாக்கேன்." பிறகு, கோபம் ஒன்றும் இல்லாத குரலில் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு நீ போன் பண்ணாத ராணி. இங்கன செவுத்துக்குச் செவுரு காது. ஒன் பேரு அடிபட்டா நம்ம வீட்டு மேல பாஞ்சிருவாளுக. பேச்சியம்மாவயே நாலு நாளா கொளாயடியில யாரும் சேத்துக்கிடல. தீபாவளி முடியட்டும். நானே கூப்பிடுதேன்."

வைத்துவிட்டார்.

ஊரில் எழுதுவதாக இருந்தால் இந்த இடத்தில் இரு தரப்பையும் கேட்டு எழுதியிருப்பேன். பர்கர் கடையின் தரப்பு இணையதளத்தில் இருக்கிறது. ஆலை முதலாளியின் தரப்பு, நாட்களைக் குறைத்துக் கேட்டால் வேறு வழி என்ன என்பதாக இருக்கும், அதிலும் நியாயம் உண்டு. பேச்சியம்மாவின் தரப்பை யாரும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் சாட்சிகள் இரண்டு பேர். ஒருத்தி நான், என்னால் சொல்ல முடியாது. இன்னொருவர் மதினி, சொன்னால் அவர் வீடு போகும்.

அதே பெட்டி இப்போது வேறு நாட்டிலிருந்து வருகிறது. அதன் கோப்பும் என் மேசைக்குத்தான் வந்தது. அங்கேயும் ஒரு கூடம், வரிசையாகப் பெண்கள். மூன்று முறை பார்த்தேன். அவர்கள் எப்படிக் கை கழுவுகிறார்கள், எப்படி நிற்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றுதான். "குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் அழைப்பதற்கில்லை. வார நாட்களில், சிவகாசிச் செய்திகள் வரும் பக்கத்தைத் தொலைபேசியில் திறந்து வைத்திருக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை பார்க்கிறேன். அந்தச் செய்திகளை எந்த வரிசையில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவே நேரே பெயர்களுக்குப் போய்விடுகிறேன். பட்டாசு ஆலையில் மாலை ஐந்து மணிக்கு வேலை முடியும். இங்கே அப்போது பகல் பன்னிரண்டரை.

நேற்று பன்னிரண்டு மணிக்கு ஹெலன் என் மேசைக்கு வந்து, "சாப்பிடப் போகலாமா?" என்று கேட்டாள். இன்னும் அரை மணி போகட்டும் என்றேன்.